எண்ணப்பட்டோரும் வினவப்பட்டோரும்

ஒரு சமூகத்தை எண்ணிக் கணக்கிடுதல் வேறு. அதன் உள்ளக்கிடக்கையை வினவி அறிதல் வேறு. மலையகத் தமிழர் வரலாறு இவ்வேற்றுமைக்குத் தக்க சான்றாகும்.

1927 நவம்பரில் இலங்கை வந்த டொனமூர் ஆணைக்குழு, சங்கங்களின் மனுக்களையும் பிரமுகர்தம் சாட்சியங்களையும் ஆராய்ந்து 1928இல் அறிக்கை வெளியிட்டது. ஐந்தாண்டு வதிவோடு கூடிய சர்வசன வாக்குரிமையை அது விதந்துரைத்தது. ஆயினும் சட்டசபையில் எழுந்த எதிர்ப்பினால் தோட்டத் தொழிலாளர்க்கு அவ்வுரிமை குறுகிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோரென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் 1974இல் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். அம்மக்களைக் கலந்து அவ்வொப்பந்தம் செய்யப்படவில்லை. எண்ணிக்கை இருந்தது, வினா இல்லை.

வினவும் கலையோ பிற நாட்டில் வேறொரு தேவையால் வளர்ந்தது. 1941இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், வானொலி நிகழ்ச்சிகளைக் கேட்டோர் விருப்பினைப் பச்சைப் பொத்தானாலும் வெறுப்பினைச் சிவப்புப் பொத்தானாலும் புலப்படுத்தினர். அவ்வுணர்வின் காரணத்தை அறிய, கேட்டோரைக் குழுவாக இருத்தி உரையாடும் முறையை இராபர்ட் மெர்ட்டன் செப்பனிட்டார். 1956இல் அவரும் துணையாசிரியர் இருவரும் அதனை நூலாக்கினர். குவிமையக் குழுக் கலந்துரையாடல் என இன்று வழங்கும் முறைக்கு இதுவே மூலம்.

கொட்டகலைப் பகுதித் தோட்டமொன்றில் இம்முறையைக் கையாள விழைவோர் முதற்கண் குழுவின் அமைப்பைச் சிந்தித்தல் வேண்டும். ஆறு முதல் பத்துப் பேர் போதும். அவர் நிலையால் ஒத்தவராதல் நன்று. கங்காணி அருகிருப்பின், கொழுந்து நிறுக்கும் தராசைப் பற்றியோ அரைப்பேர் போடுதல் பற்றியோ பெண்கள் வாய் திறவார். ஆதலின் கொழுந்தெடுப்போர், கங்காணிமார், இளைஞர் ஆகியோரைத் தனித்தனியே அமர்த்துதல் வேண்டும். தோட்டக் கந்தோர் கூடுமிடமாகாது. கோயில் மண்டபமோ பிள்ளைக்காம்பராவோ ஏற்றது. மாலையில் மலையினின்று இறங்கிய பெண்ணுக்கு நீரெடுத்தலும் சமைத்தலும் காத்திருக்குமாதலின், ஓய்வுநாளே உகந்தது.

நெறியாளர் பொதுவினாவிற் றொடங்கிச் சிறப்புவினாவுக்குச் செல்லுதல் முறை. விடையைத் தாமே உணர்த்தும் வினா குற்றமுடைத்து. மிகுதியாகப் பேசுவோரை அடக்கி, பேசாதிருப்போரை அழைத்தல் அவர் கடன். உரையாடலைப் பதிவு செய்வதற்கு முன்னரே இசைவு பெறுதலும், பேசியோர் பெயரை மறைத்தலும் அறம். புதுக்கருத்து எழாது ஓயும்வரை குழுக்களைத் தொடர்தல் தகும். இங்குப் பெறப்படுவது கருத்தின் வகையும் காரணமுமேயன்றி அதன் விழுக்காடு அன்று. எண்ணிக்கை வேண்டுவோர் அளவாய்வையே நாடுதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. தொகுத்த முடிவினைப் பேசியோர்க்கே வாசித்துக் காட்டித் திருத்தம் கேட்டல் வேண்டும். தம்மைப் பற்றிய தீர்ப்பினைப் பன்முறை பிறர் வாயாற் கேட்டறிந்த ஒரு சமூகத்திற்கு, ஆராய்ச்சியாளர் செலுத்தத்தக்க குறைந்தபட்ச மரியாதை அதுவே.