படைப்புவாதமும் விவிலிய நேர்ப்பொருள்வாதமும்

விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமம் கூறும் படைப்பு வரலாற்றை அப்படியே நடந்த நிகழ்வாகக் கொண்டு, உலகையும் உயிரினங்களையும் இறைவன் நேரடியாகப் படைத்தார் என வாதிடும் கொள்கை படைப்புவாதம் எனப்படும். வேத வசனத்தை அதன் வெளிப்படையான பொருளிலேயே கொள்ள வேண்டும் என்னும் நேர்ப்பொருள்வாதம் இதற்கு அடித்தளம். இவற்றைச் சுற்றிய சர்ச்சையை மதத்துக்கும் அறிவியலுக்கும் இடையிலான மோதலாகச் சொல்வது வழக்கம். ஆயினும் அதன் பெரும்பகுதி கிறித்தவ சபைகளுக்குள்ளேயே நடந்தது. ஆறு நாள் படைப்பு என்ற நம்பிக்கை பழமையானது. பூமியின் வயதை விசுவாசத்துக்கு உரைகல்லாக்கி, அதை அறிவியலின் பெயரால் நிறுவ முயன்ற இயக்கமோ 20ஆம் நூற்றாண்டில் உருவானது.

தொடக்ககால விளக்கங்கள்

சூரியன் நான்காம் நாளில்தான் படைக்கப்பட்டது என்றால், முதல் மூன்று நாள்களுக்கு மாலையும் காலையும் எப்படி வந்தன என்று 3ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் ஒரிகன் கேட்டார். இத்தகைய பகுதிகளுக்கு உட்பொருள் தேட வேண்டும் என்பது அவர் முடிவு. அடுத்த நூற்றாண்டில் செசரியாவின் பேசில் இதை மறுத்தார். வேதத்தில் புல் என்றிருந்தால் அது புல்தான் என்பது அவர் நிலை. அகஸ்டின் (354–430) ஆதியாகமத்தின் நேர்ப்பொருளை ஆராய்ந்து தனிநூலே எழுதினார். ஆனால் அவர் கண்ட நேர்ப்பொருள், இறைவன் அனைத்தையும் ஒரே கணத்தில் படைத்தார் என்பது. இயற்கையைப் பற்றி நன்கறிந்த பிற மதத்தவர் முன்னிலையில் கிறித்தவர்கள் வேதத்தின் பெயரால் பிதற்றினால், உயிர்த்தெழுதல் பற்றி வேதம் சொல்வதையும் அவர்கள் நம்பமாட்டார்கள் என்று அவர் எச்சரித்தார்.

சீர்திருத்தக் காலத்திலும் ஒருமித்த கருத்து இல்லை. மார்ட்டின் லூதர் ஆறு நாள்களை இயல்பான நாள்களாகவே கொண்டார். ஜான் கால்வினும் ஆறு நாள்களை ஏற்றவரே. ஆனால், ஆதியாகமம் சந்திரனைப் பெரிய சுடர் என்றாலும், சனிக்கோள் அதைவிடப் பெரிது என்று வானியலாளர் காட்டியதை அவர் ஒப்புக்கொண்டார். பாமரர் கண்ணுக்குத் தெரியும்படி மோசே எழுதினார், வானியல் கற்பிக்க அல்ல என்று விளக்கினார்.

காலக்கணிப்பும் நிலவியலும்

அயர்லாந்தின் ஆர்மா பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட நூலில், படைப்பு கி.மு. 4004 அக்டோபரில் நிகழ்ந்ததாகக் கணித்தார். வம்சவரிசைகளையும் பிற நாட்டு அரசர்களின் ஆட்சிக்காலங்களையும் ஒப்பிட்டுச் செய்த இக்கணிப்பு, அக்காலப் புலமையின் தரத்துக்கு உட்பட்டதே. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஆங்கில விவிலியப் பதிப்புகளின் ஓரங்களில் இந்த ஆண்டு அச்சானது. இதனால் பலர் அதையும் வேதத்தின் பகுதியாகவே கருதினர்.

நிலவியலாளர்கள் ஜேம்ஸ் ஹட்டனும் சார்லஸ் லயலும் பாறை அடுக்குகளைக் கொண்டு பூமி மிகப் பழமையானது என்று காட்டியபோது, பக்தியுள்ள அறிஞர்கள் பலர் அதை ஏற்றனர். ஆதியாகமத்தின் முதலிரு வசனங்களுக்கு நடுவே நீண்ட காலம் கழிந்தது என்னும் இடைவெளிக் கொள்கையை 1814இல் ஸ்காட்லாந்துப் போதகர் தாமஸ் சால்மர்ஸ் பரப்பினார். ஒவ்வொரு நாளும் ஒரு யுகம் என்பது நிலவியலாளர் ஹியூ மில்லரின் விளக்கம். 1859இல் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தபோது, பழமைவாதக் கிறித்தவர்களிலும் படித்தவர்களுக்குப் பூமியின் வயது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. மனிதனின் தோற்றமே அவர்களை உறுத்தியது. அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே போன்றோர் பரிணாமத்தையும் கடவுள் நம்பிக்கையையும் சேர்த்தே ஏற்றனர்.

டேட்டன் வழக்கு

1910 முதல் 1915 வரை அமெரிக்காவில் வெளிவந்த ‘அடிப்படைகள்’ என்னும் 12 தொகுதிகளிலிருந்தே அடிப்படைவாதம் என்ற பெயர் பிறந்தது. அவற்றில் எழுதிய ஜேம்ஸ் ஓர் போன்றோர் பரிணாமத்தை முற்றாக மறுக்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் நிலை மாறியது. பரிணாமக் கல்வி ஒழுக்கத்தைச் சிதைக்கிறது என்ற அச்சம் பரவ, டென்னசி மாநிலம் 1925இல் மனிதன் விலங்கிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிப்பதைத் தடைசெய்தது. அச்சட்டத்தைச் சோதிக்கவே ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் மீதான வழக்கு டேட்டன் ஊரில் நடந்தது.

ஜூலை 20 அன்று ஸ்கோப்ஸின் வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ, அரசுத் தரப்பில் நின்ற அரசியல் தலைவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே சாட்சியாக்கிக் குறுக்கு விசாரணை செய்தார். யோனாவை விழுங்கிய மீன், யோசுவா நிறுத்திய சூரியன், காயீனின் மனைவி எனக் கேள்விகள் நீண்டன. படைப்பு நாள்கள் 24 மணிநேர நாள்களாக இருக்க வேண்டியதில்லை என்று பிரையன் ஒப்புக்கொண்டார். நேர்ப்பொருள்வாதத்தின் முகமாக நினைவுகூரப்படும் அவர்கூட, பூமி சில ஆயிரம் ஆண்டுகளே பழமையானது என்னும் இளம்பூமிக் கொள்கையாளர் அல்லர். ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அத்தொகையை ஜூரிக்குப் பதிலாக நீதிபதி நிர்ணயித்தார் என்ற காரணத்தால் 1927இல் தீர்ப்பு ரத்தானது. சட்டமோ 1967 வரை நீடித்தது.

‘படைப்பு அறிவியல்’

நோவா காலத்துப் பெருவெள்ளமே பாறை அடுக்குகளையும் புதைபடிவங்களையும் உண்டாக்கியது என்ற கருத்தை, ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ் 1923இல் விரிவாக எழுதினார். நிலவியலாளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1961இல் இறையியலாளர் ஜான் விட்கோம்பும் நீரியல் பொறியாளர் ஹென்றி மாரிஸும் ‘ஆதியாகம வெள்ளம்’ நூலில் அதற்குப் புத்துயிர் அளித்தனர். இன்றைய இளம்பூமிப் படைப்புவாதம் இந்நூலிலிருந்தே வளர்ந்தது.

பரிணாமத் தடைச் சட்டங்கள் செல்லாது என்று 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், இக்கொள்கையை ‘படைப்பு அறிவியல்’ என்று அழைத்து, பரிணாமத்துடன் அதற்கும் வகுப்பில் சம இடம் கேட்கும் உத்தி எழுந்தது. அத்தகைய ஆர்கன்சா சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் மெதடிஸ்ட், எபிஸ்கோபல், கத்தோலிக்க ஆயர்கள் இருந்தனர். 1982இல் அச்சட்டம் வீழ்ந்தது. இதே போன்ற லூசியானா சட்டத்தை 1987இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. பின்னர், உயிரினங்களின் சிக்கலான அமைப்பு ஓர் அறிவுள்ள வடிவமைப்பாளரைக் காட்டுகிறது என்னும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’க் கொள்கை முன்வைக்கப்பட்டது. பென்சில்வேனியாவின் டோவர் பள்ளிகளில் அதை அறிமுகப்படுத்தியதை எதிர்த்த வழக்கில் 2005இல் நீதிபதி ஜான் ஜோன்ஸ், இதுவும் படைப்புவாதத்தின் மறுவடிவமே என்று தீர்ப்பளித்தார். அக்கொள்கையின் பாடநூல் வரைவுகளில் ‘படைப்பு’ என்ற சொல் 1987க்குப் பின் ‘வடிவமைப்பு’ என மாற்றப்பட்டிருந்தது முக்கியச் சான்றானது. அவ்வழக்கில் பரிணாமத்துக்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்த உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர்.

நம்பிக்கை பற்றிய விவாதம்

படைப்புவாதிகளின் மையக் கவலை புதைபடிவங்கள் அல்ல, மீட்பு. ஆதாமின் பாவத்தால்தான் மரணம் உலகில் நுழைந்தது என்று பவுல் எழுதுகிறார். மனிதனுக்கு முன்பே கோடிக்கணக்கான ஆண்டுகள் உயிர்கள் மாண்டிருந்தால், கிறிஸ்துவின் சிலுவை மரணத்துக்குப் பொருள் என்ன என்று அவர்கள் கேட்கின்றனர். வேதம் ஓரிடத்தில் பிழைபட்டால் மற்ற இடங்களில் அதை எப்படி நம்புவது என்பது தொடரும் வாதம்.

மறுதரப்புக் கிறித்தவர்கள், பவுல் பேசுவது ஆன்மிக மரணம் என்றும், வேதத்தின் உண்மை அதன் இலக்கிய வகையைப் பொறுத்தது என்றும் கூறுகின்றனர். கத்தோலிக்கத் திருச்சபை இலக்கிய வகை ஆய்வை 1943இல் ஊக்குவித்தது. பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்று 1996இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அறிவித்தார். அறிவியலும் சமயமும் வெவ்வேறு எல்லைகளுக்கு உரியவை என்ற பரிணாம உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டின் சமரசத்தை நாத்திகர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் நிராகரித்தார். வேதம் இயற்கை உலகைப் பற்றியும் பேசுகிறது என்னும் படைப்புவாதிகளுக்கும் அது ஏற்புடையதன்று.

இன்றைய நிலை

ஆஸ்திரேலியரான கென் ஹாம் 2007இல் கென்டக்கியில் படைப்பு அருங்காட்சியகத்தையும், 2016இல் நோவாவின் பேழை மாதிரியையும் திறந்தார். 2014இல் அறிவியல் பரப்புரையாளர் பில் நையுடன் அவர் விவாதித்தபோது, எது உங்கள் கருத்தை மாற்றும் என்று இருவரிடமும் கேட்கப்பட்டது. சான்று என்றார் நை. கிறித்தவன் என்ற முறையில் தம்மை எதுவும் மாற்றாது என்றார் ஹாம். கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் மனிதன் இன்றைய வடிவிலேயே படைக்கப்பட்டான் என்று நம்பும் அமெரிக்கர், கேலப் கணிப்பின்படி 1982இல் 44 விழுக்காடு, 2024இல் 37. கடவுளின் வழிகாட்டலில் பரிணாமம் நடந்தது என்போர் அதற்குச் சற்றே குறைவு. மேடை விவாதங்கள் இரு முனைகளுக்கு இடையே நடப்பதால், ஒரிகன், அகஸ்டின் காலந்தொட்டு விளக்கங்களைத் தேடிவரும் இந்த நடுத்தரப்பின் குரல் அவற்றில் அரிதாகவே கேட்கிறது.