யாரும் வைக்காத தீ



அரியலூர் என்ற பெயர் இந்திய வரலாற்றில் ஒரு விபத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1956 நவம்பர் 23 விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன விரைவு ரயில், வெள்ளம் அரித்திருந்த மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாலத்தை அரித்தது மழை. ஆனாலும் மழையைக் காட்டி அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. பாலத்தைக் கண்காணிப்பது யாரோ ஒருவருடைய வேலை, அந்த வேலைக்கு மேலே ஒரு பொறுப்பு இருக்கிறது என்பதை அந்த விலகல் ஒப்புக்கொண்டது.

அதே அரியலூர் மாவட்டத்தின் விரகாலூரில், 2023 அக்டோபர் 9 அன்று நாட்டு வெடி தயாரிக்கும் ஆலை வெடித்துச் சிதறியது. தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அமைச்சர்கள் வந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. உரிமையாளர் கைதானார். பிறகு அந்த ஊரின் பெயர் செய்தியிலிருந்து மறைந்தது. ரயில் விபத்து வரலாறு ஆனது. பட்டறை விபத்து பழைய செய்தி ஆனது. இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன்.

வெடிமருந்துப் பட்டறையில் தீ எப்படிப் பிடிக்கும் என்பது ரகசியம் அல்ல. கந்தகமும் வெடியுப்பும் அலுமினியத் தூளும் கலந்த மருந்து உராய்வில் பற்றும், இரும்பு பட்ட பொறியில் பற்றும், வெயில் சூட்டில் பற்றும். ஆகவேதான் தொழிலின் விதிகள் எளிமையானவை: ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், மருந்து, செய்த வெடி, ஆள் மூன்றும் ஒரே இடத்தில் குவியக் கூடாது. இவற்றை மீறுவது தொழிலாளியின் அலட்சியம் என்று எழுதிவிடுகிறார்கள். தீபாவளி நெருங்கும்போது கூலியை எண்ணிக்கைக்கு நிர்ணயித்து, அறையில் ஆளைக் கூட்டுவது யார் என்று கேட்பதில்லை.

சட்டம் எங்கே இருந்தது? 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தவர் அண்ணல் அம்பேத்கர். 1946இல் நிறைவேறிய தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வாரத்துக்கு 54 மணி நேர வேலையை 48 ஆக்கியது. பின்னர் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தன் 38ஆம் பிரிவில் தீத் தடுப்பையும் தப்பிக்கும் வழியையும் உரிமையாளரின் கடமையாக்கியது. ஆனால் அந்தச் சட்டம் ஆளை எண்ணித்தான் உள்ளே வந்தது. மின்விசை இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர். 85ஆம் பிரிவின் கீழ், எண்ணிக்கை குறைவான இடங்களுக்கும் அதை நீட்டிக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருந்தது. 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு இந்த வரம்பை 20, 40 என்று இரட்டிப்பாக்கிவிட்டது.

வெடிமருந்துக்கு வேறு கணக்கு. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி, ஒரே நேரத்தில் 15 கிலோ வரை வைத்துப் பட்டாசு செய்ய மாவட்ட நிர்வாகமே உரிமம் தரலாம். அதற்கு மேல் என்றால் ஒன்றிய அரசின் வெடிபொருள் துறையிடம் போக வேண்டும். ஒரு துறை ஆளை எண்ணுகிறது, இன்னொரு துறை மருந்தை எடை போடுகிறது. இரண்டு கணக்குக்கும் நடுவே இருக்கிற கொட்டகையில் நம் ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்.

ஒரே வளாகத்தைப் பலர் பங்கு போடும்போது நிலைமை இன்னும் மோசம். விருதுநகர் மாவட்டம் அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று இருபது பேருக்கு மேல் இறந்த ஆலை, பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் பலர் கையில், கூலி கொடுப்பவர் வேறொருவர். தீ வந்த பிறகு எல்லோரும் அடுத்தவரைக் கை காட்டலாம். அந்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அதே மாநிலம், அதே தொழில், விரகாலூரில் அறிவிக்கப்பட்டது 3 லட்சம். உயிரின் விலையை ஊர் தீர்மானிக்கிறதா?

பெரம்பலூருக்கு மேற்கே துறையூர் வட்டம் டி.முருங்கப்பட்டியில், வெடிபொருள் ஆலை 2016 டிசம்பர் 1 அன்று வெடித்தது. பதினைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். அடையாளம் காண மரபணுச் சோதனை தேவைப்பட்டது. கல்குவாரியும் சுண்ணாம்புச் சுரங்கமும் நிறைந்த நம் பகுதியில் வெடி என்பது திருவிழாச் சரக்கு மட்டும் அல்ல, அன்றாடத் தொழில். மானாவாரி நிலம் கைவிட்டால், நிலமே இல்லாதவருக்கு எஞ்சுவது இப்படிப்பட்ட வேலைதான்.

கீழ்வெண்மணியை நாம் மறக்கவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நீதிமன்றம் விடுவித்தாலும் மக்கள் நினைவு விடுவிக்கவில்லை. ஆண்டுதோறும் அங்கே கூடுகிறோம். அந்தத் தீயை வைத்த கை நமக்குத் தெரியும். விரகாலூர்த் தீயைக் கொளுத்திய கை எது என்று காட்ட முடியாததால் அதை விதி என்று விட்டுவிடுகிறோம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. முதலாவது படுகொலை. இரண்டாவதில் யாரும் கொள்ளி வைக்கவில்லை. ஆனால் அறையில் ஆளைக் கூட்டியவர், பார்வையிடாமல் கையெழுத்துப் போட்டவர், வரம்பை உயர்த்தியவர் என்று அந்தத் தீக்கும் கைகள் இருக்க முடியும். அவற்றைத் தேடி எழுதுவதுதான் வரலாற்று வேலை.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் எரிந்த பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுக்கொட்டகை அகற்றப்பட்டது. காரணத்தை ஒப்புக்கொண்டால் அரசால் மாற்ற முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

மாணவர்களிடம் மூன்று காரியங்கள் கேட்கிறேன். முதலாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் உரிமம் பெற்ற பட்டறைகளின் பட்டியலையும், ஒவ்வொன்றையும் கடைசியாகப் பார்வையிட்ட தேதியையும் கேளுங்கள். இரண்டாவது, விபத்து நடந்த குடும்பங்களிடம் போய் இழப்பீட்டுச் சட்டத்தை விளக்குங்கள். நிவாரண நிதி அரசு தரும் உதவி. இழப்பீடு முதலாளி கொடுக்க வேண்டிய கடன். ஒன்று கிடைத்தால் மற்றது இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சட்டத்தின்படி, குத்தகைக்காரர் ஆள் வைத்திருந்தாலும் முதன்மை முதலாளி பொறுப்பாளி. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். மூன்றாவது, இறந்தவரின் பெயர், ஊர், கூலி, வேலைக்குக் கூட்டிப்போனவர், நிலம் இருந்ததா என்ற விவரங்களைக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதி வையுங்கள்.

1956இல் ஓர் அமைச்சர் பதவி விலகியதை ஊர் இன்னும் பேசுகிறது. 2023இல் யார் என்ன பதில் சொன்னார்கள் என்று நாளைய மாணவர் கேட்டால், அவர் கையில் கொடுக்க நம்மிடம் ஒரு பட்டியலாவது இருக்க வேண்டும்.