ஒளிக்க எதுவுமில்லாத வானொலி: கொழும்பின் ஹாம் ரேடியோவும் எங்கள் தேவையும்

வடக்குக் கிழக்கில் போர்க்காலத்தை வாழ்ந்து கடந்தவர்களுக்கு வானொலியின் அருமையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது பற்றறியும் தடைப்பட்டியலில் சேர்ந்தது. தீர்ந்துபோன பற்றறிகளை வெயிலில் காயவைத்தோம். அதுவும் சரிவராதபோது சைக்கிளை நிறுத்தி வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோவை இயக்கி பிபிசி தமிழோசை கேட்டோம். எங்கே ஷெல் விழுந்தது, எந்தப் பாதை மூடப்பட்டது என்பதை அறிய வேறு வழி இருக்கவில்லை.

ஆனால் அது கேட்பதற்கு மட்டுமான வானொலி. வானொலியில் பேசுவது என்பது ஆயுதம் வைத்திருந்தவர்களின் காரியம். ஒரு சாதாரண தமிழ்க் குடிமகனின் வீட்டில் ஒலிபரப்பும் கருவி ஒன்று இருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. கூரைக்கு மேலே நீளமாக ஒரு வயர் தெரிந்தாலே கேள்வி வரும் காலம் அது.

அதனால்தான், நான் வெள்ளவத்தைக்கு வந்து பல வருடங்களின் பின்னர், இதே தீவில் சாதாரண மக்கள் சட்டப்படி உரிமம் பெற்று, சொந்த வீட்டிலிருந்தே உலகத்தோடு வானொலியில் பேசி வந்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவர்களுக்கு ஒரு சங்கமும் இருக்கிறது: இலங்கை வானொலிச் சங்கம். அவர்கள் செய்வதற்குப் பெயர் அமெச்சூர் வானொலி. உலகம் முழுவதும் அதைச் சுருக்கமாக 'ஹாம் ரேடியோ' என்பார்கள்.

ஹாம் ரேடியோ என்றால் என்ன?

இது சம்பளத்துக்கோ வியாபாரத்துக்கோ செய்யப்படுவதல்ல. அரசின் பரீட்சையில் சித்தியடைந்தவருக்கு ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். சர்வதேச ஒதுக்கீட்டின்படி இலங்கைக்குரிய முன்னெழுத்துகளில் '4எஸ்' ஒன்று. உள்ளூர் ஹாம்கள் பலரின் குறி '4எஸ்7' என்று தொடங்கும். தீவு சிலோன் என்று அழைக்கப்பட்ட காலத்தில் முதலில் அது 'விஎஸ்7' ஆக இருந்தது. அந்தக் குறியைக் கேட்டவுடனேயே, பேசுபவர் எந்த நாட்டவர் என்று உலகின் மறுமுனையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இந்தத் துறையின் விதிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. ஹாம் வானொலியில் இரகசியத்துக்கு இடமில்லை. பேசுபவர் தன் அழைப்புக்குறியைச் சொல்லியே ஆகவேண்டும். பொருளை மறைக்கும் சங்கேத மொழியில் பேசக்கூடாது. பணம் பெற்றுச் செய்தி அனுப்பக்கூடாது. பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எங்கள் அனுபவத்தில் ஒலிபரப்பும் கருவி எதற்கெல்லாம் அடையாளமாக இருந்ததோ, அதற்கு நேர் எதிரான பண்பு இது.

தொழில்நுட்பமும் பெரிய மந்திரமல்ல. 7 மெகாஹேர்ட்ஸ் அளவிலான சிற்றலையை மேல்நோக்கி அனுப்பினால், வானத்தில் உள்ள அயனி மண்டலம் அதைத் திருப்பி நிலத்துக்கு அனுப்பும். நடுவில் மலை இருந்தாலும் தடையில்லை. இலங்கையின் நீளம் சுமார் 430 கிலோமீற்றர். பகல் நேரத்தில் நிலைமை சாதகமாக இருந்தால் இந்த அலைவரிசையே தீவின் பெரும்பகுதிக்குப் போதும். இதற்கான அன்ரெனா ஏறத்தாழ 20 மீற்றர் நீளமுள்ள சாதாரண வயர். இரண்டு தென்னை மரங்களுக்கு இடையே கட்டிவிடலாம். மின்சாரத்துக்கு ஒரு கார் பற்றறி. நடுவில் கோபுரமோ கேபிளோ செய்மதியோ தேவையில்லை. பக்கத்து ஊர்களோடு பேசுவதற்கு 144 மெகாஹேர்ட்ஸில் தொடங்கும் அலைவரிசையில் கையடக்கக் கருவிகளும் உண்டு.

கொழும்பில் ஒரு நூற்றாண்டு

கொழும்பின் வானொலி வரலாறே ஆர்வலர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1920களின் முற்பகுதியில் மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறை ஒன்றிலிருந்து இசைத்தட்டுப் பாடல்களைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். முதலாம் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அந்த ஒலிபரப்பி கட்டப்பட்டது. ஆர்வலர்களைச் சேர்த்து அவர் ஒரு வயர்லெஸ் கழகத்தையும் தொடங்கினார். கொழும்பு வானொலியின் முறையான சேவை 1925 டிசம்பர் 16இல் ஆரம்பமானது. அதே ஆண்டில் பாரிஸில் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியமும் உருவானது.

இன்றைய ஹாம்களின் வேலைகள் பலவகை. புதியவர்களைப் பரீட்சைக்குத் தயார்படுத்துவார்கள். தூர நாடுகளோடு தொடர்பு கொள்ளும் போட்டிகளில் பங்குபற்றுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபரில் உலகச் சாரணர்கள் வானலையில் சந்திக்கும் நிகழ்வுக்கு நிலையம் அமைத்துக் கொடுப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை வெறும் பொழுதுபோக்காகவே தெரியும். ஆனால் மங்கலான ஒரு குரலை இரைச்சலுக்குள் பிரித்துக் கேட்பதும், செய்தியைச் சுருக்கமாகவும் பிழையில்லாமலும் கொடுப்பதும் இந்தப் பழக்கத்தால்தான் வருகின்றன. அனர்த்தம் வந்த பிறகு தொடங்கிப் பழக முடியாத வேலைகள் இவை.

2004 டிசம்பர் 26

அன்று காலை ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்கு, தெற்குக் கரைகளைச் சிதைத்தது. 30,000இற்கும் மேற்பட்டோர் பலியாகினர். அவர்களில் 10,000இற்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர்கள். கரையோரத் தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. மிஞ்சியிருந்த இணைப்புகள் ஒரே நேரத்தில் வந்த அழைப்புகளால் திணறின.

அப்போது விக்டர் குணதிலக்க தலைமையில் இருந்த இலங்கை வானொலிச் சங்கத்தின் உறுப்பினர்கள் கருவிகளோடு அம்பாந்தோட்டைக்குச் சென்று சிற்றலை நிலையம் அமைத்தார்கள். கொழும்பில் பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லத்தில் மறுமுனை இயங்கியது. எங்கே என்ன தேவை என்ற தகவல்கள் அந்த வழியே போய்வந்தன.

அதே நாளில் அந்தமான் தீவுகளிலும் இதுவே நடந்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காக அங்கே பல ஆண்டுகளாக ஹாம் வானொலிக்கு அனுமதி இருக்கவில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண், விடாமல் முயன்று அனுமதி பெற்று, அந்த டிசம்பரில்தான் குழுவோடு போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்திருந்தார். வந்தது தூர நாடுகளோடு பேசி மகிழ்வதற்காக. அலை அடித்த பிறகு அந்த நிலையமே தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் இடையிலான உயிர்நாடியாக மாறியது. உறவினரைத் தேடியவர்களுக்கு இன்னார் உயிரோடு இருக்கிறார் என்ற சேதி அதன் வழியே போனது.

'பாதுகாப்புக்காக' ஒரு நிலப்பரப்பின் மக்களிடமிருந்து வானொலியைத் தள்ளி வைத்தால், ஆபத்து வரும் நாளில் அந்த மக்களே குரலற்றுப் போவார்கள். அந்தமானில் சில வாரங்களுக்கு முன் கிடைத்த ஓர் அனுமதி காப்பாற்றியது. முல்லைத்தீவிலும் மருதமுனையிலும் கல்லடியிலும் அதேபோல் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் முதல் மணித்தியாலத்திலேயே வானலையில் இருந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்றும் வரும். வெளியிலிருந்து ஒரு குழு கருவிகளோடு வந்து சேர்வதற்கும், ஊருக்குள்ளேயே ஒருவர் இருப்பதற்கும் இடையிலான நேரம் உயிர்களின் கணக்கு.

எங்களுக்கு ஏன்?

போர் 2009இல் முடிந்தது. புயல்கள் முடியவில்லை. 2008 நவம்பரில் நிஷா யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியது. 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா வந்தபோது மலையகத்தில் மண்சரிவுகள் லயன்களையும் வீதிகளையும் சேர்த்தே கொண்டுபோயின. நாடு முழுவதும் 600இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். பல இடங்களில் கைத்தொலைபேசிகள் நாட்கணக்கில் செயலற்றுக் கிடந்தன. கோபுரத்துக்கு மின்சாரம் போனால், அல்லது அதை இணைக்கும் கேபிள் அறுந்தால், கையில் உள்ள போன் எவ்வளவு விலை என்றாலும் பயனில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அனர்த்த வேளையில் செய்தி எந்த மொழியில் போகிறது என்பதும் உயிர் சார்ந்த விடயம். மட்டக்களப்பின் ஒரு கரையோரக் கிராமத்திலிருந்து வரும் பதற்றமான தமிழ்க் குரலைப் புரிந்து, கொழும்புக்குச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சரியாகக் கடத்தக்கூடியவர் தேவை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மூன்று மொழிகளோடும் வளரும் எங்கள் பிள்ளைகளைவிட அதற்குப் பொருத்தமானவர்கள் யார்?

தொடங்குவது எப்படி?

இலங்கையில் பரீட்சையும் உரிமமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பொறுப்பு. ஆரம்பநிலை, பொது, உயர்நிலை என்று படிகள் உண்டு. மின்னியலின் அடிப்படை, வானொலி விதிகள், பாதுகாப்பு ஆகியவற்றைப் படிக்கவேண்டும். க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானம் படித்த ஒருவருக்கு எட்டாத பாடம் அல்ல. மோர்ஸ் பரீட்சை கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உரிமம் கைக்கு வருமுன் கருவி வாங்க வேண்டாம். வெளிநாட்டிலிருக்கும் மாமாவோ சித்தப்பாவோ அன்போடு பெட்டிக்குள் வைத்து அனுப்பவும் வேண்டாம். ஒலிபரப்பும் கருவியை இறக்குமதி செய்ய ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். எங்களைப் போன்றவர்கள் இந்த விடயத்தில் ஓர் அங்குலமும் விதி தவறாமல் நடப்பதே எங்களுக்கும் நல்லது, பின்னால் வருபவர்களுக்கும் நல்லது.

அதுவரை கேட்டுப் பழகலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கும் சிற்றலை வாங்கியில் ஐரோப்பாவை எட்டும் ஹாம்களைக் கேட்கலாம். வெள்ளவத்தை மாடிவீடுகளில் நேரடியாகக் கேட்க முயல்பவர்கள் எல்ஈடி விளக்குகளும் லிப்டும் தரும் இரைச்சலோடு மல்லுக்கட்ட வேண்டும். கடற்பக்கத்து உப்புக்காற்று வயர் மூட்டுகளை விரைவில் அரித்துவிடும். மொட்டைமாடியில் அன்ரெனா கட்டுவதற்கு முன்னர் கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள்.

புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ளவர்களுக்கு வழி இன்னும் இலகு. பிரித்தானியாவில் அடிப்படைநிலை உரிமமும் கனடாவில் அடிப்படைப் பரீட்சையும் சில வாரப் படிப்போடு எட்டக்கூடியவை. லண்டனிலோ ரொறன்ரோவிலோ உரிமம் பெற்ற ஒரு தமிழர், ஊரில் ஒரு பாடசாலை மாணவருக்கு இணையவழியில் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். பணம் அனுப்புவதைப் போலவே பெறுமதியான உதவி அது.

காணாமற்போன ஒருவரின் சேதிக்காக மாதக்கணக்கில் செஞ்சிலுவைக் கடிதத்தை எதிர்பார்த்திருந்த சமூகம் நாங்கள். 'இருக்கிறார்' என்ற ஒற்றைச் சொல் எவ்வளவு பெரியது என்று எங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லை ஒரு வயரும் ஒரு பற்றறியும் கொண்டு கடத்த முடியும். சட்டம் அதற்கு வழி விட்டிருக்கிறது. சொல்லிக்கொடுக்கவும் கொழும்பில் ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் பத்துப் பிள்ளைகள் படிக்கத் தொடங்கினாலே அது நல்ல ஆரம்பம்.