சாக்கும் சீலையும்: போடி மலை ஏறிய பழந்துணிகள்

இன்னைக்கு ஏலக்காயைப் பத்திப் பேசப் போறதில்ல. ஏலக்காய் எடுக்கப் போனவங்க உடம்புல என்ன துணி இருந்துச்சு, அதைப் பத்திதான்.

போடிநாயக்கனூர்ல இருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு. அதைத் தாண்டினா கேரளம். 1956 நவம்பர் 1-ல மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிஞ்சப்போ தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோட சேர்ந்தது. எங்க அம்மாச்சி அதுக்கு முன்னாடியும் மலைக்குப் போனாங்க, பின்னாடியும் போனாங்க.

ஏலக்காய் செடியோட உச்சியில காய்க்காது. தூருல, தரையை ஒட்டிப் படர்ற சரத்துல காய்க்கும். குத்தவச்சுதான் எடுக்கணும். ஈரம், அட்டை, சாரல். அதுக்கு இருந்த ஒரே கவசம் பழைய சணல் சாக்கு. இடுப்புல ஒண்ணைச் சுத்திக்குவாங்க. இன்னொண்ணோட அடி மூலை ஒண்ணை உள்பக்கமாத் திணிச்சா, தலையில இருந்து முதுகு வரைக்கும் மூடுற கூம்பு கிடைக்கும். அதுக்குப் பேரு கொங்காணி. வெட்டவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம்.

அந்தச் சணல் விளைஞ்சது வங்காளத்துல. இந்தியாவோட முதல் சணல் ஆலை 1855-ல கல்கத்தாவுக்குப் பக்கத்துல ரிஷ்ராவில் தொடங்குச்சு. உள்ளே இருந்த சரக்கு காலியானதும், சாக்கு ஒரு மனுஷியோட முதுகுக்கு வந்து சேரும்.

ராத்திரிக் குளிருக்கு ஒட்டுப் போர்வை. நஞ்சுபோன நூல் சீலை நாலைஞ்சை அடுக்கி, நீள நீளமா ஓட்டுத்தையல் போடுவாங்க. கிழிஞ்ச இடத்துல மேலேயே இன்னொரு துண்டு. அம்மாச்சி போர்வையில எந்தத் துண்டு யாரோட சீலைன்னு அவங்களுக்குத் தெரியும்.

இதே வேலையை வங்காளத்துப் பெண்களும் செஞ்சாங்க. பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையில இருந்து உருவின நூலாலேயே தைப்பாங்க. அதுக்குப் பேரு காந்தா. நம்ம ‘கந்தை’யும் அதுவும் ‘கந்தா’ங்கிற ஒரே சமஸ்கிருதச் சொல்லுல இருந்து வந்தவைதான். ஆனா காந்தாவைத் தேடி ஆட்கள் போனாங்க. ஐ.சி.எஸ். அதிகாரியா இருந்த குருசதய் தத் ஊர் ஊராச் சேகரிச்சார். கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939-ல அதைப் பத்தி எழுதினாங்க. அவங்க சேகரிச்ச காந்தாக்கள் இன்னைக்கு அமெரிக்காவுல, ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்துல இருக்கு.

காந்தாவுல யானை, தேர், தாமரைன்னு உருவங்கள் உண்டு. எங்க போர்வையில படம் ஏதும் கிடையாது. அதனால அதைக் கலைன்னு யாரும் பார்க்கல. நானும் பார்க்கல.

அம்மாச்சி இறந்தப்போ, வழக்கப்படி அவங்க பாய், தலையணையோட அந்தப் போர்வையையும் கொட்டகுடி ஆத்தோரம் போட்டுட்டு வந்தது நான்தான். அப்போ அது எனக்குக் கந்தல். ஏலத் தோட்டங்களோட வரலாறு கணக்குப் புத்தகத்துல இருக்கும், ஏல விலைப் பட்டியல்ல இருக்கும். கூலிக்குப் போன பெண்கள் தங்க கையால விட்டுட்டுப் போன ஆவணம் இந்த மாதிரித் துணிதான். எழுதப் படிக்கத் தெரியாதவங்களோட கையெழுத்து அது. அதை நானே ஆத்துல விட்டிருக்கேன்.

உங்க வீட்டுப் பரண்ல அப்படி ஒரு போர்வை கிடந்தா, துவைக்கிறதுக்கு முன்னாடி, வீட்டுல பெரியவங்க இருக்கும்போதே விரிச்சு வச்சுக் கேளுங்க: இந்தத் துண்டு யாரு கட்டின சீலைன்னு. பதிலை அன்னைக்கே எழுதி வச்சிருங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.