யாவாக் கிராமத்தின் நிலவுடைமையும் வாழ்வும்: பகிர்வு எனும் கருத்துநிலை பற்றிய சில அவதானிப்புகள்

தேசம் எனும் வடசொல் தமிழிலே நாட்டைக் குறிக்கும். இந்தோனேசியாவின் யாவாத் தீவிலோ அதே சொல் 'தெசா' என வழங்கிக் கிராமத்தைக் குறித்து நிற்கிறது. இச்சொல்லாட்சி யாவாக் கிராமம் பற்றி நிலவிவந்த ஒரு கருத்துக்கும் இயைந்ததாகும். கிராமம் தன்னளவில் நிறைவான ஓர் உலகு; அங்கு நிலம் பொது, உழைப்புப் பொது, வறுமையும் பொது என்பதே அக்கருத்து. ஒல்லாந்த அதிகாரிகளும், சுதந்திர இந்தோனேசியாவின் ஆட்சியாளரும், மேனாட்டு மானிடவியலாளரும் வெவ்வேறு நோக்கங்களுடன் இதனைப் போற்றியுள்ளனர். இப்பொதுமை எக்காலத்தில், யாருடைய தேவையின் பொருட்டு உருப்பெற்றது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினாவாகும்.

முதற்கண் கிராமத்தின் அமைப்பினை நோக்குவோம். நீர்ப்பாய்ச்சலுடன் கூடிய நெல்வயல் 'சாவா' எனப்படும். வீட்டைச் சூழ்ந்து தென்னை, வாழை, மரவள்ளி முதலியன நிற்கும் நிலம் 'பெக்காரங்கான்'. நம்மவர் வளவு என்பதற்கு இது ஒப்பானது. கிராமத் தலைவருக்கும் ஏனைய அலுவலருக்கும் பதவியுள்ளவரை ஊதியத்துக்குப் பதிலாக ஒதுக்கப்படும் வயல் 'பெங்கொக்'. கிராமத்தவரும் இவ்வுடைமைகளின் அடிப்படையிலேயே தரம்பிரிக்கப்பட்டனர். வயலில் பங்குரிமை உள்ளோர் சிலவிடங்களிற் 'சிக்கெப்' எனவும் சிலவிடங்களிற் 'கோகோல்' எனவும் பெயர் பெற்றனர். அவர்க்கு அடுத்து வீடும் வளவும் மட்டும் உடையோர். கடைநிலையில், பிறர் வளவில் ஒண்டி வாழும் 'நும்பாங்' எனப்பட்டோர். ஒண்டி வாழ்வோர் குடியிருக்க இடந்தந்த குடும்பத்துக்கு உழைக்கக் கடமைப்பட்டிருந்தனர். ஆகவே, பொதுமை பேசப்பட்ட கிராமத்திலே படிநிலையும் வேரூன்றியிருந்தது.

வழமைச் சட்டத்திலும் இம்முரண்பாடு புலப்படும். ஒல்லாந்தர் 1707இல் யாழ்ப்பாணத்துத் தேசவழமையைத் தொகுப்பித்ததை நாம் அறிவோம். பிற்காலத்தில் அவர்கள் இந்தோனேசிய மக்களின் 'அடாட்' வழமைகளையும் விரிவாக ஆராய்ந்து பதிந்தனர். யாவாவில் மணமக்கள் சேர்ந்து ஈட்டிய பொருள் 'கொனோகினி' எனப்படும். மணமுறிவின்போது பங்கிடப்படும் இவ்வுடைமை நமது தேடியதேட்டத்தை நினைவூட்டுவது. முதுசச் சொத்தினை ஆண், பெண் இருபாலார்க்கும் சமமாகப் பகிர்வதும் உண்டு; காவுதடியில் இரு சுமை தூக்கும் ஆணுக்கு இரு பங்கு, முதுகில் ஒரு சுமை தூக்கும் பெண்ணுக்கு ஒரு பங்கு என்பதும் உண்டு. பெண்ணுக்குச் சொத்துரிமை வழங்கிய இவ்வழமையின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. எனினும் பகிர்வதற்கு ஏதுமற்ற குடும்பத்துப் பெண்ணுக்கு அவ்வுரிமை யாது பயன் தரும்?

இனி, நிலத்தின் பொதுமைக்கு வருவோம். 1811 முதல் 1816 வரை யாவா ஆங்கிலேயர் வசமிருந்தபோது ராஃபிள்ஸ் நிலவரியைப் புகுத்தினார். மீண்டும் ஆட்சிக்கு வந்த ஒல்லாந்தர் 1830இல், வான் டென் பொஸ் வகுத்த கட்டாயப் பயிர்ச்செய்கை முறையைத் தொடக்கினர். கிராமம் தன் நிலத்தில் ஐந்திலொரு பங்கில் கரும்பு, அவுரி போன்ற ஏற்றுமதிப் பயிர்களை அரசுக்காக விளைவித்தல் வேண்டும். நிலமற்றோர் ஆண்டுக்கு 66 நாள் உழைத்தல் வேண்டும் என்பது ஏட்டு விதி. நடைமுறையில் இவ்வெல்லைகள் மீறப்பட்டன. 1840களின் இறுதியில் தெமாக், குரோபோகான் பகுதிகளைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அதேவேளை 1831க்கும் 1877க்கும் இடையில் எண்பது கோடி கில்டருக்கு மேற்பட்ட தொகை ஒல்லாந்தின் திறைசேரியை அடைந்தது.

இம்முறையின்கீழ் உழைப்புக் கடமை நிலப்பங்குடன் பிணைக்கப்பட்டிருந்தது. நிலம் உடையவனே கரும்பு வயலுக்கும் வீதி வேலைக்கும் அழைக்கப்பட்டான். சுமையைத் தாங்குவோர் தொகையைக் கூட்டவேண்டிய தேவை எழுந்தபோது, பல பகுதிகளில் வயல்கள் துண்டாடப்பட்டுப் பலருக்குப் பங்கிடப்பட்டன. காலத்துக்குக் காலம் சுழற்சி முறையிலும் மாற்றப்பட்டன. தொன்மையான பொதுவுடைமையின் எச்சம் எனப் பின்னர் வியந்துரைக்கப்பட்டதில் ஒரு பெரும்பகுதி, குடியேற்ற அரசின் உழைப்புத் தேவை ஈன்ற குழந்தையேயாகும்.

அமெரிக்க மானிடவியலாளர் கிளிபர்ட் கீர்ட்ஸ் 1963இல் வெளியிட்ட நூலில், கரும்பும் நெல்லும் ஒரே வயலைப் பகிர்ந்த இவ்வரலாற்றைத் திறம்பட விளக்கினார். இத்துணைக்கு நாம் அவருக்குக் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் அதன் விளைவாக யாவா மக்கள் வறுமையைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர் என்றும், அங்கு போதியளவு உடையோரும் சற்றுப் போதாதோருமே இருந்தனர் என்றும் அவர் கருதியது ஏற்புடையதன்று. சிக்கெப்பும் நும்பாங்கும் ஒரே வறுமையைப் பகிர்ந்தவரல்லர்.

அடுத்து நிகழ்ந்தவை இதனை ஐயத்துக்கிடமின்றி உணர்த்தின. 1960ஆம் ஆண்டு அடிப்படை நிலச் சட்டமும் வாரச் செய்கையை ஒழுங்குபடுத்தும் சட்டமும் நிறைவேறின. சனநெருக்கம் மிக்க பகுதிகளில் நெல்வயலுக்கு 5 ஹெக்டயர் உச்சவரம்பாயிற்று. உடையோர் உறவினர் பெயரில் நிலத்தை மாற்றினர், அலுவலர் காலந்தாழ்த்தினர். 1963இன் இறுதியிலிருந்து கம்யூனிஸ்ட் கட்சி சார்ந்த விவசாயிகள் முன்னணியினர், கிளாத்தென் முதலிய இடங்களில் அச்சட்டங்களைத் தாமே நடைமுறைப்படுத்த முனைந்தனர். 1965-66இல் இராணுவத்தின் துணையோடும் தூண்டுதலோடும் நாடெங்கும் நிகழ்ந்த படுகொலைகளில் மாண்டோர் ஐந்து இலட்சத்துக்குக் குறையார் என்பது பொதுவான மதிப்பீடு. அக்கொலைகளுக்கு நிலம் மட்டுமே காரணமன்று. எனினும் நிலமற்றோர் குரல் ஒரு தலைமுறைக்கு அடக்கப்பட்டது என்பது மறுக்கவியலாதது.

அதன் விளைவை அருவிவெட்டிலே காணலாம். உள்ளங்கையில் மறையும் 'அனிஅனி' எனும் சிறு கத்தியால் பெண்கள் கதிர்களை ஒவ்வொன்றாகக் கொய்வது பழைய வழக்கம். நெல்லின் தெய்வமாகிய தேவி சிறீ அஞ்சாதிருக்கவே கத்தி மறைக்கப்படுகிறது என்பர். கொய்ய வருவோரைத் திருப்பியனுப்புவது முறையன்று. ஒவ்வொருத்திக்கும் 'பாவொன்' எனும் நெற்பங்கு உண்டு. ஆயின் அங்கும் உறவினர்க்குக் கூடிய பங்கும் புறத்தார்க்குக் குறைந்த பங்குமே வழங்கின. பசுமைப் புரட்சியின் குட்டை நெல்லினங்கள் பரவிய 1970களில் 'தெபாசான்' முறை பெருகிற்று. உடைமையாளர் விளைந்த வயலை அறுவடைக்குச் சில நாள் முன்னரே வியாபாரிக்கு விற்பர். அவர் அரிவாளுடன் சிலரை மட்டும் இறக்குவார். அயலாளின் முகம் பார்த்து மறுக்க இயலாத நிலவுடைமையாளர், பயிரோடு அக்கடப்பாட்டையும் சேர்த்து விற்றுவிட்டார். நெற்குற்றும் வேலையை ஆலைகள் கவர்ந்தமையும் இதே காலத்திலாகும். 1984இல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு எய்தியது. அந்நிறைவின் விலையில் ஒரு பகுதியைச் செலுத்தியவர் இப்பெண்களே.

'கொத்தோங் ரோயோங்' எனும் கூட்டுழைப்பை 1945இல் சுகார்னோ தம் அரசியற் கோட்பாட்டின் சாரமாக எடுத்துரைத்தார். சுகார்த்தோ ஆட்சியிலோ அதுவே கூலியற்ற கிராம வேலைக்கு அழைக்கும் சொல்லாயிற்று. 2014ஆம் ஆண்டின் கிராமச் சட்டம் மைய அரசின் நிதியைக் கிராமங்களுக்கு வழங்க வழிகோலியது. நிலப்பங்கீட்டை அது தொடவில்லை.

யாவா மக்களிடையே பகிர்வு பொய்யாக இருந்தது என்பது நமது முடிபன்று. பாவொன் நெல் பல ஏழைக் குடும்பங்களின் உலைக்கு வந்த மெய்யான நெல். ஆனால் அது உரிமையாக எழுதப்படவில்லை. உடையவர் விரும்பும்வரை நிலைத்த வழக்கமாகவே இருந்தது. உடைமை எழுத்தில் நின்றது. பகிர்வு பழக்கத்தில் நின்றது. சந்தை வந்தபோது எது அழிந்தது என்பதை வரலாறு காட்டியுள்ளது. கிராமத்தின் பழைய ஒற்றுமையைப் போற்றும் எவரிடமும், அங்கு வயல் யாருக்கு இருந்தது என்பதையே நாம் முதலில் வினவுதல் வேண்டும்.