முற்றத்து ஒளியும் உற்பத்தி உறவுகளும்: யாழ்ப்பாணத்து நத்தார்ச் சோடினை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மார்கழி இரவுகளில் வீட்டு முகப்பையும் முற்றத்து மரங்களையும் விளக்குகளாற் சோடிக்கும் வழக்கம் பொதுவாக இரண்டு வகையில் விளக்கப்படுகின்றது. சமயத்தார் அதனைப் பத்தியின் வெளிப்பாடு என்பர். ஏனையோர் வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு என்பர். இவ்விரு விளக்கங்களும் ஒளியை இயற்கையாகக் கிடைத்த ஒன்றாகவே கொள்கின்றன. ஒளியோ உற்பத்தி செய்யப்படும் பொருள். அதனை ஆக்கும் சாதனங்கள் எவர் வசம் உள்ளன, அதில் எவருடைய உழைப்பு அடங்கியுள்ளது ஆகிய வினாக்களை எழுப்பாது ஒளிச்சோடினையின் வரலாற்றை எழுத முடியாது. கொக்குவிலையும் அதன் சூழலையும் மையமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

முதலிற் சொல்லை நோக்குவோம். ஈழத்துத் தமிழர் கிறிஸ்மஸ் பெருநாளை ‘நத்தார்’ என வழங்குவர். ‘நத்தால்’ எனும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது அது. யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் வசமானது. 1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்கத்தை ஒடுக்கினர். ஆட்சி மாறியும் சொல் நிலைத்தமை, அப்பெருநாள் கடலோரக் கத்தோலிக்க மக்களிடையே வேரூன்றியிருந்தமையைக் காட்டுகின்றது.

நத்தார்க் கொண்டாட்டம் அமெரிக்க மிசனின் பாடசாலைகள் வழியே யாழ்ப்பாணத்திற்கு வந்தது என எளிதாக முடிவுசெய்தல் இதனாற் பொருந்தாது. 1816இல் இங்கு வந்த அமெரிக்க மிசனரிமாரிற் பலர் நியூ இங்கிலாந்தின் தூய்மைவாத மரபினர். அம்மரபு நத்தாரை விவிலிய ஆதாரமற்ற ஆடம்பரமெனக் கருதியது. மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை நத்தார் கொண்டாடியோருக்கு ஐந்து சிலிங் தண்டம் விதிக்கும் சட்டமிருந்தது. அங்கு நத்தார் பொது விடுமுறையானது 1856இலேயே. வட்டுக்கோட்டைச் செமினறி தொடங்கப்பெற்ற 1823இல் அதன் ஆசிரியர்கள் ஒளிவிழா எடுக்கும் மனநிலையில் இருந்திருக்க நியாயமில்லை. வீட்டை ஒளியாற் சோடிக்கும் மரபின் வேர்களை வேறிடங்களிலேயே தேடவேண்டும்.

2

அவ்விடங்களுள் முதன்மையானது கார்த்திகை விளக்கீடு. கொக்குவில், இணுவில், கோண்டாவில் முதலாய சைவக் கிராமங்களில் வீட்டு வாயிலில் வாழைக்குற்றி நட்டு, அதன் தலையிற் சிட்டியோ தேங்காய்ப் பாதியோ வைத்து விளக்கேற்றுவர். வேலியோரத்திலும் தோட்டத்திலும் பந்தங்கள் நாட்டுவர். குற்றி தோட்டத்தினது, சிட்டி அயற்கிராமத்துக் குயவர் வனைந்தது, எண்ணெய் இலுப்பையோ எள்ளோ தேங்காயோ தந்தது. ஒளியின் மூலப்பொருள்கள் யாவும் கிராமப் பொருளாதாரத்தினுள்ளேயே கிடைத்தன.

இதனை இலட்சியப்படுத்துதல் தவறு. நிலவுடைமைச் சமூகத்தில் தோட்டமும் எண்ணெயும் எல்லோர்க்கும் உரியனவாக இருக்கவில்லை. கோயில் வீதியிலே தீவட்டிக்குத் துணிசுற்றலும் அதனைப் பிடித்தலும் குடிமைத் தொழிலாயிருந்தன. தீவட்டி பிடித்தவர் அது காட்டிய மூர்த்தியை அருகிற்சென்று வழிபட உரிமையற்றவராய் இருந்த காலமும் உண்டு. மாவிட்டபுரத்திலே 1968இல் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை நினைவுகூர்வோர்க்கு இது விளங்கும்.

3

இரண்டாவது ஊற்று வெளிச்சக்கூடு. மூங்கிற் சிலாகையாற் சட்டங்கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே மெழுகுதிரி ஏற்றும் கூடு அது. ஐந்து முனையுடன் கட்டினால் நத்தார் நட்சத்திரம். எட்டுப் பட்டமாகக் கட்டினால் வெசாக் கூடு. 1885இல் குடியேற்ற ஆட்சி வெசாக் பூரணையை மீண்டும் பொது விடுமுறையாக்கியதன்பின் தென்னிலங்கையில் வெசாக் விழா பொதுவெளியில் விரிவுற்றது. வாழ்த்து அட்டை, குழுப்பாடல் ஆகியவற்றில் அவ்விழா நத்தாரின் வடிவங்களை ஏற்றுக்கொண்டமையை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். ‘புரட்டஸ்தாந்த பௌத்தம்’ எனக் கணநாத் ஒபயசேகர 1970இல் பெயரிட்ட சமூகப் போக்கின் ஒரு பகுதியே இது.

கொக்குவில் இங்கு தனிக்கவனத்திற்குரியது. இது சுருட்டுத் தொழிலாற் பெயர்பெற்ற ஊர். யாழ்ப்பாணச் சுருட்டின் பெருஞ்சந்தை தென்னிலங்கையில் இருந்தது. அங்குச் சுருட்டுக்கடை நடத்திய யாழ்ப்பாணத்தவர் வெசாக் இரவுகளைக் கண்டவர்கள். சுருட்டுக் கொட்டில்களிலோ ஒருவர் பத்திரிகை வாசிக்க ஏனையோர் கேட்டபடி சுருட்டுச் சுற்றும் வழக்கம் நிலவியது. உலகச் செய்தியும் பிறர் பண்பாடும் கடையூடாகவும் கொட்டிலூடாகவும் ஊரை எட்டின.

வெளிச்சக்கூட்டின் சமூகப் பொருள் அதன் செய்முறையில் உள்ளது. தாளும் மெழுகுதிரியும் கடைச்சரக்கு. ஆயினும் கூட்டின் பெறுமதியிற் பெரும்பங்கு கட்டுபவரின் கைத்திறனே. வாடைக் காற்றுக்குப் பட்டம் கட்டும் இளைஞர்க்கு வேண்டிய திறனும் இதுவே: சிலாகையைச் சமனாகச் சீவுதல், நூலால் இறுக்குதல், மாப்பசை தடவித் தாளைச் சுருக்கமின்றி ஒட்டுதல். கூலிக்கு விற்கப்படாத உழைப்பு வடிவம் பெறும் களமாகப் பொழுதுபோக்கு இங்கு அமைகின்றது. நாள்முழுதும் மற்றவர்க்காகச் சுருட்டுச் சுற்றிய கைகள் இரவிலே தமக்காக ஒரு கூட்டைக் கட்டும்போது, உழைப்பாளி தன் ஆக்கத்தில் தன்னைக் காண்கின்றான்.

4

மின்னொளிச் சோடினை பிறந்ததோ முற்றிலும் வேறான சூழலில். 1882 செப்ரெம்பரில் எடிசனின் பேர்ள் வீதி மின்நிலையம் நியூயோர்க்கில் இயங்கத் தொடங்கிற்று. அதே ஆண்டு டிசெம்பரில் எடிசனின் வர்த்தகக் கூட்டாளி எட்வர்ட் ஜோன்சன், சிவப்பும் வெள்ளையும் நீலமுமான 80 குமிழ்கள் பூட்டிய சுழலும் நத்தார் மரமொன்றைத் தம் வீட்டில் அமைத்துப் பத்திரிகையாளர்க்கும் காட்டினார். மின்சாரம் எனும் புதிய பண்டத்திற்கு வாங்குவோரைத் தேடிய காலம் அது. கோர்த்து முடிக்கப்பெற்ற குமிழ்ச்சரங்களை ஜெனரல் எலெக்ரிக் நிறுவனம் 1903இல் விற்பனைக்கு விட்டது. இன்று மேலைநாட்டுப் புறநகர்களில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குமிழ்களால் வீட்டை மூடும் பொழுதுபோக்கிற்கு, விளம்பரமாகத் தொடங்கிய அம்மரமே மூதாதை.

யாழ்ப்பாணத்தில் மின்சாரச் சோடினை பெருமளவில் வளர்ந்த களம் கோயில் வீதியாகும். திருவிழா உபயகாரரிடையே எழுந்த போட்டியில் மின்குமிழ்ச் சிகரங்களும் சோடித்த சப்பறங்களும் செல்வாக்கின் அளவுகோல்களாயின. நத்தார் வீட்டின் குமிழ்ச்சரமும் இப்பண்பிலிருந்து முற்றாக விலகியதன்று. இருப்பினும் ஒரு வேறுபாடு உண்டு. சிகரத்திற்கு வாடகை கொடுத்தால் போதும். வீட்டுச் சோடினையைச் செய்பவரோ தாமே ஏணியேறிக் கம்பி இழுக்கவேண்டும்.

5

1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டின் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் மின்கலமும் அரிதாகின. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சிட்டு, அது நனையுமளவு எண்ணெய் விட்டு எரித்த விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. சைக்கிள் தைனமோவைச் சுற்றி மக்கள் வானொலி கேட்டனர். ஒளி துளித்துளியாக அளக்கப்பட்ட அக்காலத்தில் ஒளிச்சோடினை என்ற சொல்லே பொருளிழந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாம மக்கள் இடம்பெயர்ந்தமையால், அவ்வாண்டு நத்தாருக்குச் சோடிக்க வீடே எஞ்சியிருக்கவில்லை.

பின்னர் தீசல் மின்பிறப்பாக்கிகளால் பகுதி பகுதியாக மீண்ட மின்சாரம், 2010களின் முற்பாதியிலே தேசிய மின்வலையமைப்புடன் இணைந்தது. ஆனால் ஒளி எல்லாப் பொருளிலும் விடுதலை பெறவில்லை. 2012 நவம்பர் 27இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விடுதியில் மாணவர் ஏற்றிய விளக்கை அணைக்க இராணுவம் உட்புகுந்தது. நத்தார்க் குமிழ்ச்சரத்திற்கு எவரும் தடைவிதிக்கவில்லை. நினைவின் சுடருக்குத் தடையிருந்தது. விற்பனைக்குரிய ஒளியை அரசு அஞ்சுவதில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

2022இல் பொருளாதார நெருக்கடி முழு நாட்டையும் இருளில் ஆழ்த்தியது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. வடக்கு நெடுங்காலம் அறிந்திருந்த இருளைத் தெற்கும் அவ்வாண்டு அறிந்தது. எனினும் இரு இருள்களும் ஒரே பொருளாதாரத்தின் விளைவுகள் எனும் உணர்வு இரு மக்களிடையேயும் போதிய அளவு வளரவில்லை.

6

இன்று உலகின் நத்தார் அலங்காரப் பொருள்களிற் பெரும்பகுதி சீனாவின் யிவு நகரச் சந்தை வழியே செல்கின்றது. கொக்குவில் வீட்டு மதிலில் மின்னும் எல்.ஈ.டி. சரத்தில் அங்குள்ள தொழிலாளியின் உழைப்பு உறைந்திருக்கின்றது. பார்ப்பவர்க்கு அது தெரிவதில்லை. பண்டத்தின் மாயம் எனக் கார்ல் மார்க்ஸ் விளக்கியது இதனையே.

ஆயினும் இதனை வெறும் நுகர்வு மோகமெனத் தள்ளிவிடுவது முற்போக்காளரிடம் அவ்வப்போது காணப்படும் அவசரமாகும். ஜாம் போத்தல் விளக்கில் வளர்ந்தவர் தம் பிள்ளைக்காக முற்றத்து மாமரத்திற் சரம் கட்டுவதில், இழந்த ஒன்றை மீட்கும் நியாயமான வேட்கை உண்டு. வாங்கிய சரத்தை எங்கே வளைப்பது, எந்த நிறத்தை எதனருகே வைப்பது என எண்ணித் திட்டமிடும் கைகளில் வெளிச்சக்கூடு கட்டிய திறனின் எச்சமும் உண்டு. அத்திறனைப் பேணும் வழி நம் வசமே உள்ளது. சனசமூக நிலையங்களும் பாடசாலைகளும் விளக்கீட்டுக்கும் வெசாக்குக்கும் நத்தாருக்கும் சிறுவர்களைக் கூட்டிச் சிலாகை சீவக் கற்பிக்கலாம். ஒரே மூங்கில் மூன்று விழாக்களுக்கும் பயன்படுவதைக் கையால் அறியும் சிறுவன், சமயங்களைப் பிரிக்கும் மதில்களைச் சற்று ஐயத்துடனேயே நோக்குவான்.