விட்டுவிட்டு நிற்கும் என்ஜின்: பழைய ஜெர்மன் கார்களில் பழுது கண்டறிந்த வரலாறு

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார் நடுச்சாலையில் சட்டென்று நின்றுவிடுகிறது. செல்ஃப் அடித்தால் என்ஜின் சுற்றுகிறது. ஆனால் ஸ்டார்ட் ஆவதில்லை. கால்மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடத் தொடங்குகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு குறையும் காட்டுவதில்லை. இதையே விட்டுவிட்டு வரும் பழுது என்கிறோம். இருபது, முப்பது ஆண்டு வயதான ஜெர்மன் கார்களை வைத்திருப்போர் பலருக்கும் இது பழக்கமான தொல்லை.

இதைச் சிறிய தொல்லை என்று தள்ளிவிட முடியாது. என்ஜின் நின்ற கணத்தில் பவர் ஸ்டியரிங்கின் உதவி போய்விடும். பிரேக்கும் இரண்டொரு முறை மிதித்தபின் கல்லாக இறுகும். பின்னால் லாரி வரும் நெடுஞ்சாலையில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். காரணம் தெரியாமல் பெட்ரோல் பம்ப், காயில், கணினி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. கடைசியில் தீப்பெட்டி அளவுள்ள ஒரு ரிலேக்காக நல்ல வண்டி பழைய இரும்புக்குப் போனதும் உண்டு. இப்பழுது எப்போது, எதனால் பெருகியது என்று அறிந்தால், அதைத் தேடும் வழி பாதி விளங்கிவிடும்.

முதல் நெடும்பயணமும் இரண்டு பழுதுகளும்

கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றியது பலருக்கும் தெரிந்த செய்தி. அந்தப் பயணத்தில் நேர்ந்ததாகச் சொல்லப்படும் இரண்டு பழுதுகளைத்தான் நாம் கவனிக்க வேண்டும். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி அதைத் திறந்தார். தீப்பொறிக்கான வயரின் காப்பு தேய்ந்துவிட்டது. காலுறையைப் பிடிக்கும் பட்டியைக் கழற்றி அதன்மேல் சுற்றினார்.

ஒன்று பெட்ரோல் வராமை. மற்றொன்று தீப்பொறி வராமை. பெட்ரோல் என்ஜின் திடீரென நிற்பதற்கான காரணங்களில் மிகப் பெரும்பாலானவை இன்றும் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடிகின்றன. 1888-இல் பெர்த்தா இரண்டையும் கண்ணால் பார்த்துக் கையால் சரிசெய்ய முடிந்தது. பின்னாளில் மாறியது இதுதான்.

தொடக்ககால என்ஜின்களில் தீப்பொறியே பெரிய தலைவலி. 1902-இல் ராபர்ட் பாஷ் நிறுவனத்தில் பணியாற்றிய காட்லோப் ஹோனால்ட், உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை ஸ்பார்க் பிளக்கோடு இணைத்துத் தந்தபின் அத்தொல்லை பெருமளவு குறைந்தது. பின்னர் பேட்டரியும் காயிலும், பாயிண்டும் டிஸ்ட்ரிபியூட்டரும் வந்தன. பெட்ரோல் பக்கம் கார்புரேட்டர் இருந்தது. இந்த அமைப்பு பல பத்தாண்டுகள் நிலைத்தது. அப்போதும் வண்டிகள் நின்றன. ஆனால் பாயிண்ட் தேய்ந்திருந்தால் மூடியைக் கழற்றியதும் தெரியும். கார்புரேட்டரில் குப்பை இருந்தால் கழற்றி ஊதினால் போகும். காயில் சூடேறி விட்டுவிட்டு வேலை செய்வது அன்றும் இருந்தது. மழைநாளில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்வதும் இருந்தது. எனினும் சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் ஒரு கைவிரல்களில் எண்ணக்கூடியவை.

கட்டுப்பாடு மின்சாரத்தின் கைக்குப் போனது

1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். கார் கார்புரேட்டரை விட்டு, பெட்ரோலை அழுத்தத்தோடு சிலிண்டருக்குள் பீய்ச்சியது. அது முழுவதும் எந்திர முறை. மின்னணு முறைக்கு முதலில் முயன்றவர்கள் அமெரிக்கர்கள். பெண்டிக்ஸ் நிறுவனத்தின் எலெக்ட்ரோஜெக்டர் 1958-இல் கிறைஸ்லரின் சில கார்களில் பொருத்தப்பட்டது. அக்காலத்து மின்னணுப் பாகங்கள் சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை; அவற்றில் பெரும்பாலான கார்களுக்குத் திரும்பவும் கார்புரேட்டரே மாட்டிக் கொடுத்தார்கள். என் பார்வையில் பின்னால் வரவிருந்த தொல்லைகளுக்கெல்லாம் முன்னறிவிப்பு இதுவே.

பெண்டிக்ஸின் காப்புரிமைகளைப் பெற்று பாஷ் நிறுவனம் உருவாக்கிய டி-ஜெட்ரானிக் 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளே அதற்குத் தூண்டுதல். கார்புரேட்டரால் தர முடியாத துல்லியத்தோடு பெட்ரோலை அளந்து கொடுக்க வேண்டியிருந்தது. 1973-இல் கே-ஜெட்ரானிக் வந்தது. இதில் கணினி இல்லை. உள்ளே வரும் காற்று ஒரு தட்டைத் தூக்க, அதற்கேற்பப் பெட்ரோல் இடைவிடாது பீய்ச்சப்பட்டது. இதற்கென்று ஒரு தனி நோய் இருந்தது. குளிர்ந்த என்ஜின் உடனே ஸ்டார்ட் ஆகும். சூடான என்ஜினை நிறுத்தி இருபது நிமிடம் கழித்து எடுத்தால் வெகுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டும். என்ஜின் நின்றபின் குழாயில் அழுத்தத்தைத் தக்கவைக்க வேண்டிய அக்யுமுலேட்டரும், பம்பிலுள்ள ஒருவழி வால்வும் வயதாகிக் கசிந்தால் அழுத்தம் இறங்கும். என்ஜின் சூட்டில் குழாய்ப் பெட்ரோல் ஆவியாகிவிடும். வீட்டு மோட்டாரில் தண்ணீர் இறங்கிப்போய்க் காற்றைப் பிடித்துக்கொள்வதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

அடுத்த பெரிய மாற்றம் 1979-இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் வந்த மோட்ரானிக். அதுவரை பெட்ரோலை ஒரு அமைப்பும் தீப்பொறியை வேறொரு அமைப்பும் பார்த்துக்கொண்டன. மோட்ரானிக்கில் இரண்டும் ஒரே கணினியின் பொறுப்பில் வந்தன. என்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதைக் கிராங்க் அச்சருகே இருக்கும் உணரிகள் கணினிக்குச் சொல்லும். அந்தத் துடிப்பு நின்றால் தீப்பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. பெர்த்தா பென்ஸின் இரண்டு பழுதுகளும் ஒரே நேரத்தில் வரும் நிலை இங்கேதான் தோன்றியது. ஆகவே இவ்வகைக் கார்களில் இரண்டும் சேர்ந்து போயிருந்தால் பம்பையும் காயிலையும் தனித்தனியே சந்தேகிப்பதில் பொருளில்லை. இரண்டுக்கும் பொதுவானது எது என்றே கேட்க வேண்டும்.

டபிள்யூ 124 கற்றுத்தந்தவை

இந்தப் பழுதுகளைப் படிக்க மெர்சிடிஸ் டபிள்யூ 124 வரிசையைவிட நல்ல பாடநூல் இல்லை. 1984-இன் இறுதியில் அறிமுகமாகி 25 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி. 1995-இல் புனேயில் இணைத்து வெளிவந்த முதல் இந்திய மெர்சிடிஸும் இதே வரிசைதான். உறுதிக்குப் பெயர்போன இந்த வண்டி நடுவழியில் நிற்கும்போது, காரணம் பெரும்பாலும் என்ஜினின் இரும்பில் இருப்பதில்லை.

பழைய டபிள்யூ 124 பெட்ரோல் கார்களில் பேட்டரிக்குப் பின்புறத் தடுப்பறையில், தலையில் ஃப்யூஸ் சொருகிய ஒரு ரிலே உண்டு. மிகை மின்னழுத்தம் வந்தால் கணினிகளைக் காப்பது அதன் வேலை. பெட்ரோல் கட்டுப்பாட்டுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்குக்கும் மின்சாரம் அதன் வழியாகவே போகிறது. அது கெட்டால் ஸ்டார்ட்டிங் தொல்லையோடு ஏ.பி.எஸ். விளக்கும் எரியும். பிரேக் விளக்குக்கும் ஸ்டார்ட் ஆகாமைக்கும் என்ன தொடர்பு என்று திகைத்தவர்கள் பலர். தொடர்பு அந்த ஒரு ரிலேதான். ஃப்யூஸைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவோர் ஏமாந்துபோவார்கள். விரிசல் உள்ளே, ஈயப் பற்றில் இருக்கும்.

ஏன் ஈயப் பற்று? தண்டவாளங்களுக்கிடையே இடைவெளி விடுவது ஏன் என்று ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்போம் அல்லவா, அதே விதிதான். ரிலேயின் செப்புக் கம்பியும், பிளாஸ்டிக் பலகையும், இடையில் உள்ள ஈயமும் வெவ்வேறு அளவில் விரிகின்றன. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் சூடேறி, நிறுத்தியதும் குளிர்கின்றன. பல ஆயிரம் முறை இப்படி நடந்தால் கம்பியைச் சுற்றி மயிரிழை போன்ற வளையமாக விரிசல் விழும். குளிர்ந்தால் தொடும், சூடானால் விலகும். பழுது வந்து வந்து போவதன் இரகசியம் பாதிக்குமேல் இதில் அடங்கும்.

பெட்ரோல் பம்ப் ரிலேயும் இவ்வாறே கெடுவது. ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களில் முதுகில் 109 என்று எண் அச்சிட்ட ரிலே இதே நோய்க்குப் பேர்போனது. என்ஜின் கணினிக்கே மின்சாரம் தருவது அது. அந்நிறுவனக் கார்களில் சாவித்துளைக்குப் பின்னால் உள்ள மின்சுவிட்ச் தேய்ந்து, சாவியைச் சற்று அசைத்தாலே என்ஜின் நிற்பதும் உண்டு.

கிராங்க் உணரியின் கதை வேறு. அதற்குள் மெல்லிய கம்பிச்சுருள் இருக்கிறது. என்ஜின் நன்கு சூடானபின் சுருள் எங்காவது விட்டுப்போகும், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். நெரிசலில் மெல்ல ஊர்ந்தபின் நின்று, அரைமணியில் தானே உயிர்பெறும் வண்டியில் முதல் சந்தேகம் இதன்மேல் விழ வேண்டும்.

இவற்றைவிட மோசமானது 1990-களின் முதற்பாதியில் வந்த மெர்சிடிஸ் என்ஜின்களின் வயரிங். அதன் காப்புறை சூட்டில் காய்ந்து, தொட்டால் அப்பளம்போல் உதிர்ந்தது. உள்ளே செப்புக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக் கணினிக்குப் பொய்ச் செய்திகளை அனுப்பின. வெளியுறை நன்றாகத் தெரிவதால் பிரித்துப் பார்க்காமல் தெரியாது. இந்த வகை வயரிங்கைத் துண்டு துண்டாக ஒட்டிச் சமாளிப்பது வீண்வேலை. முழுவதையும் மாற்றுவதே சரி.

நிற்கும்போதே பிடித்தல்

நல்ல மெக்கானிக் முதலில் கருவியை எடுப்பதில்லை, கேள்வி கேட்கிறார். விளக்கை அணைத்ததுபோல் சட்டென நின்றதா, திணறித் திணறி நின்றதா? சட்டென என்றால் மின்சாரம். திணறல் என்றால் பெரும்பாலும் பெட்ரோல். வண்டி கியரில் உருண்டுகொண்டிருந்தபோதே ஆர்.பி.எம். முள் சுழியத்துக்கு விழுந்ததா? விழுந்திருந்தால் என்ஜின் சுற்றும்போதே துடிப்புச் செய்தி அறுந்திருக்கிறது. ஓட்டியவர் சொல்லும் இத்தகைய சிறு விவரம், நன்றாக ஓடும் நிலையில் எடுக்கும் நூறு அளவீடுகளைவிட மேல். வாடிக்கையாளர் எதையோ உளறுகிறார் என்று ஒதுக்குகிற பட்டறைகளில்தான் பாகம் பாகமாக மாற்றும் வேலை நடக்கிறது.

வண்டி நின்ற இடத்திலேயே, பாதுகாப்பாக ஓரம் தள்ளியபின், செய்யத்தக்க சோதனைகள் உள்ளன. சாவியை ஆன் செய்தால் பின்பக்கம் பம்ப் ஒரு நொடி முனகும் வண்டிகளில் அந்த ஒலி கேட்கிறதா என்று பார்க்கலாம். செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் சற்றேனும் அசைகிறதா என்று பார்க்கலாம். பல கார்களில் அது அசையாவிட்டால் உணரிமேல் சந்தேகம் வலுக்கும். பட்டறையில் ஓம் மீட்டர் கொண்டு உணரியைக் குளிர்ந்த நிலையில் அளந்தால் சில நூறு முதல் ஆயிரம் ஓம் அளவில் சரியாகவே காட்டும். அதைச் சூடாக்கி அளக்கும்போதுதான் சாயம் வெளுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பழைய பட்டறை உத்தி. பம்ப் ரிலேயிலிருந்து பம்புக்குப் போகும் வயரில் ஒரு சிறு பல்பை இணைத்து, ஓட்டுநர் கண்ணில் படும்படி டேஷ்போர்டில் வைத்துவிடுவார்கள். பிறகு வழக்கம்போல் ஓட்ட வேண்டியதுதான். வண்டி நிற்கும் கணத்தில் பல்பும் அணைந்தால் ரிலேயையோ அதற்கு வரும் மின்சாரத்தையோ துடிப்பையோ தேடலாம். பல்பு எரிய, வண்டி மட்டும் திணறி நின்றால் பம்ப், ஃபில்டர், குழாய் என்று அந்தப் பக்கம் போகலாம். ஐம்பது ரூபாய்ச் செலவில் பாதிக் காடு வெட்டப்பட்டுவிடும்.

பழுதுக் குறியீடுகளை வாசிக்கும் முறை கலிபோர்னியாவில் 1988 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. 1996-இல் அமெரிக்கா முழுவதும் ஒரே வகை இணைப்பான் வந்தது. ஐரோப்பாவில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல். இது பெரிய உதவிதான், ஆனால் இந்தப் பழுதில் அடிக்கடி கைவிட்டுவிடும். கிராங்க் உணரியிலிருந்து துடிப்பு வராவிட்டால், என்ஜின் நின்றுவிட்டது என்றே கணினி எடுத்துக்கொள்ளக்கூடும். நின்ற என்ஜினில் பழுது என்று எதை எழுதும்? கணினிக்கு மின்சாரம் தரும் ரிலேயே விட்டுப்போனால் எழுதும் கையே இல்லை. குறியீடு இல்லை, ஆகவே பழுதில்லை என்று வண்டியைத் திருப்பிக் கொடுப்பது சரியான முடிவல்ல.

விரிசல் விட்ட ரிலேயைத் திறந்து, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக ஈயம் வைத்தால் அது மேலும் பல ஆண்டு உழைக்கும். வானொலி பழுது பார்த்துப் பழகிய கைக்கு அரைமணி வேலை. ஆனால் ரிலேயைக் கழற்றிவிட்டு ஒரு வயர்த்துண்டால் பம்பை நேரடியாக இணைத்து, அப்படியே மாதக்கணக்கில் ஓட்டுவதைப் பார்க்கிறோம். துடிப்பு நின்றதும் பம்பையும் நிறுத்த வேண்டும் என்று அந்த ரிலேயை அமைத்ததற்குக் காரணம் உண்டு. விபத்தில் குழாய் உடைந்து என்ஜின் நின்றபிறகும், நேரடி வயர் உள்ள வண்டியில் சாவியைத் திருப்பும் வரை பம்ப் பெட்ரோலைச் சூடான உலோகத்தின்மேல் கொட்டிக்கொண்டே இருக்கும்.